தலையை உருவிக்கொண்டு ஓடும் சிப்பிப்பாறைக்கு எந்த பெல்ட்?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் வசிக்கிறோம். எங்களிடம் இரண்டரை வயதான ஆண் சிப்பிப்பாறை இருக்கிறது. எடை சுமார் 20 கிலோ, பெயர் செவலை. வீட்டில் பரம சாது. ஆனால் கடந்த மாதத்தில் இரண்டு முறை, பேருந்து நிறுத்தத்தின் அருகே ஆட்டு மந்தையைக் கண்டதும் கழுத்து பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு சாலையின் குறுக்கே ஓடிவிட்டது. இரண்டாம் முறை கேரளாவிலிருந்து வந்த லாரி பிரேக் போட்டு நின்றதால்தான் பிழைத்தது. கடைக்கார அண்ணாச்சி, இழுத்தால் கழுத்தில் இறுகும் சோக் செயின் போடச் சொல்கிறார். என் கொழுந்தனார் உள்பக்கம் முள் வைத்த முள் பெல்ட்தான் சரி என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகள் பாடி பெல்ட் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அதைப் போட்டால் நாய் இன்னும் அதிகமாக இழுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் போன பிறகு 68 வயதான என் மாமியார்தான் அதை வெளியே கூட்டிப்போகிறார். மாதம் ஓரிரு முறை ஆரியங்காவில் உள்ள அம்மா வீட்டுக்கும் காரில் கொண்டுபோவோம். அங்கே அக்கம்பக்கத்தார் வாய்க்கூடு போடச் சொல்கிறார்கள். எதைத்தான் போடுவது?
— ஒரு வாசகி, புளியரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. நாய் பெல்ட்டிலிருந்து நழுவுவது ஒன்று. கயிற்றைப் பிடித்து இழுப்பது மற்றொன்று. உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் பெரும்பாலானவை இழுப்பதற்கான மருந்துகள். உங்கள் நாயின் உயிருக்கு ஆபத்தாக வந்ததோ நழுவுவது. எனவே முதலில் நழுவாத ஏற்பாட்டைச் செய்துவிட்டு, பிறகு நிதானமாக இழுப்பைக் குறைக்கும் வழிக்கு வருவோம். இந்த இரண்டில் எதற்குமே நாய்க்கு வலி கொடுக்கும் கருவி தேவைப்படாது.

சிப்பிப்பாறையும் அதன் நெருங்கிய உறவான கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு, கால் வேகத்தால் துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள். நீண்ட, தசைப்பிடிப்பான கழுத்து, அதன் மேல் ஒடுங்கிய தலை, மடிந்து ஒட்டிக்கொள்ளும் மெல்லிய காதுகள் என்பதுதான் அவற்றின் அமைப்பு. லேப்ரடாருக்குத் தலை பெரியது, காதுக்குப் பின்னால் கழுத்து இறங்கும் இடத்தில் பெல்ட் தங்கிக்கொள்ளும். சிப்பிப்பாறைக்கு அப்படித் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. இதை நீங்களே தையல் டேப்பை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். காதுகளுக்கு நேர் பின்னால், கழுத்து மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. பிறகு காதுகளுக்குச் சற்று முன்னால், தலை மிக அகலமாக இருக்கும் இடத்தில் தாடையின் கீழாக ஒரு சுற்று. உதாரணமாகக் கழுத்து 34 செ.மீ., தலை 35 செ.மீ. என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று கடையில் சொல்லும் வழக்கமான விதிப்படி போட்டால், பெல்ட்டின் சுற்றளவு எளிதாக 37 செ.மீ. ஆகிவிடும். 35 செ.மீ. தலை அதற்குள்ளிருந்து வெளியே வராமல் எப்படி நிற்கும்? ஒரு விரல் இடைவெளியாகக் குறைத்தால் நழுவுவது குறையும். ஆனால் அந்த இறுக்கத்திலேயே நாள் முழுவதும் கிடந்தால் மெல்லிய தோல் உராய்ந்து முடி கொட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாய் முன்னோக்கிப் பாயும்போது பெரும்பாலும் பெல்ட் நழுவுவதில்லை. அது நின்று, முன்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்திப் பின்னோக்கி நகரும்போதுதான் நழுவுகிறது. ஆட்டைக் கண்டு பாய முயன்ற நாயைப் பதறிப்போய் நாம் நம் பக்கம் திருப்பி இழுக்கிறோம். அது நம்மைப் பார்த்தபடி பின்வாங்குகிறது. நம் இழுவையே பெல்ட்டைக் காதுகளுக்கு மேலாக ஏற்றிவிடுகிறது. உங்கள் நாய் தப்பிய இரண்டு முறையும் இப்படித்தான் நடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியென்றால் இன்றிலிருந்தே கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நாய் பின்வாங்கும் கணத்தில் இழுக்காதீர்கள். ஓர் அடி நாயை நோக்கி நீங்கள் போய்க் கயிற்றைத் தளர்த்துங்கள். பிறகு அதன் பக்கவாட்டில் நின்று அதே திசையில் இரண்டடி நடந்து, வளைத்துத் திருப்புங்கள். வீட்டிலுள்ள எல்லோரும், குறிப்பாக உங்கள் மாமியார், இதை முற்றத்தில் செய்து பழக வேண்டும்.

நழுவாமல் இருக்க நீங்கள் வாங்க வேண்டியது மார்ட்டிங்கேல் பெல்ட். சற்றுப் பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் இந்தப் பெயரில்தான் கிடைக்கிறது. கிரேஹவுண்ட் போன்ற ஒடுங்கிய தலை நாய்களை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இது. இதில் இரண்டு வளையங்கள் இருக்கும். பெரியது கழுத்தைச் சுற்றி வரும் அகலமான துணிப்பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் உள்ள இரும்பு வளையங்களுக்குள் ஒரு சிறிய பட்டை ஓடும். கயிற்றின் கொக்கி அந்தச் சிறிய பட்டையில் மாட்டப்படும். கயிறு தளர்வாக இருக்கும்போது பெல்ட்டும் தளர்வாகக் கிடக்கும். நாய் பின்வாங்கினால் சிறிய பட்டை இழுபட்டுப் பெரிய பட்டையை ஓரளவு மட்டும் இறுக்கும்; இரும்பு வளையங்கள் முட்டியதும் அதற்கு மேல் இறுகாது.

எல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது. பெல்ட்டை மாட்டிக் காதுகளுக்குப் பின்னால் உயரத்தில் வைத்துக்கொண்டு, சிறிய பட்டையை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். பெரிய பட்டை கழுத்தோடு படிந்து நிற்க வேண்டும்; அப்போது இரண்டு இரும்பு வளையங்களுக்கும் இடையில் இரண்டு விரல் அளவு இடைவெளி மிஞ்ச வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பெல்ட் பெரிது என்று பொருள். அதற்கு மேல் அது இறுகாது, தலை வெளியே வந்துவிடும். மாறாக, கையால் மெதுவாக இழுத்தாலே நாய் செருமினால் அது சிறிது. பட்டையின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், இரண்டு அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது. கொழுப்போ அடர்ந்த முடியோ இல்லாத கழுத்தில் குறுகிய பட்டை அறுக்கும். சங்கிலியால் ஆன மார்ட்டிங்கேலும் விற்கிறார்கள்; நீங்கள் முழுவதும் துணியால் ஆனதையே வாங்குங்கள்.

இந்த பெல்ட்டை வெளியே போகும்போது மட்டும் போட வேண்டும். அதைப் போட்டபடி நாயைக் கட்டிவைக்கவோ, கவனிப்பாரில்லாமல் விடவோ கூடாது. அந்தச் சிறிய பட்டை வேலிக் கம்பியிலோ ஜன்னல் கொக்கியிலோ மாட்டிக்கொண்டால் நாய் தானாக விடுபட முடியாது. தொலைபேசி எண் பொறித்த வில்லையை இப்போது உள்ள சாதாரண பெல்ட்டிலேயே விட்டு, அதைத் தளர்வாக எப்போதும் கழுத்தில் இருக்க விடுங்கள்.

இனி அண்ணாச்சி சொன்ன சோக் செயின். அது நழுவாது என்பது உண்மைதான். ஏனென்றால் அது இறுகுவதற்கு எல்லையே இல்லை. நாய் நமக்கு எந்தப் பக்கம் நடக்கிறதோ அதைப் பொறுத்துச் செயினை மாட்டும் முறை மாறும். தலைகீழாக மாட்டிவிட்டால் கயிற்றைத் தளர்த்திய பிறகும் செயின் தளராமல் இறுகியபடியே நிற்கும். சாலையில் நான் பார்க்கும் சோக் செயின்களில் தலைகீழாக மாட்டியவை ஏராளம். ஆனால் சரியாக மாட்டினாலும் உங்கள் நாய்க்கு அது ஆகாது என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 20 கிலோ நாய் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனையை எட்டுகிறது. உங்கள் கையும் உடலும் அசைந்து கொடுத்து அதை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்திவிடுகின்றன என்று கொள்வோம். அப்போது கயிற்றில் விழும் சராசரி விசை, ஏறத்தாழ 50 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கால் மீட்டருக்குள் நிறுத்தினால் 100 கிலோ. சிப்பிப்பாறைக்கு இது பெரிய வேகமே அல்ல. சில எட்டுகளிலேயே இதை எட்டிவிடும். அந்த விசை முழுவதும் ஒரு மெல்லிய சங்கிலியின் வழியாகக் குரல்வளை மீதும் மூச்சுக்குழாய் மீதும் இறங்குகிறது. மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்ட குழாய். நசுங்கினால் நாய் வாத்துபோலக் கத்தும் இருமல் தொடங்கும், சில வேளைகளில் அந்த இருமல் நிரந்தரமாகவே தங்கிவிடும்.

பாதிப்பு கழுத்தோடு முடிவதில்லை. கழுத்தில் பெல்ட்டுடன் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், அதே நாய் பாடி பெல்ட்டுடன் இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து மாதிரியில் பலவகை பெல்ட்களை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாய் இழுக்கும் நிலையில் காயத்துக்கு இடம் தராது என்று சொல்லத்தக்க கழுத்து பெல்ட் அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். இது நான் பரிந்துரைக்கும் மார்ட்டிங்கேலுக்கும் பொருந்தும். அதனால்தான் அதை நழுவாமல் காக்கும் காப்பாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நாயின் அன்றாட இழுவையைத் தாங்கும் வேலையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் கொழுந்தனார் சொன்ன முள் பெல்ட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் குத்தினால், குத்தியது பெல்ட் என்று நாய்க்குத் தெரியாது. ஆடு வந்தால் வலிக்கிறது என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை விளையாட்டாகத் துரத்தாது, வெறுப்போடு பாயும். இதே கணக்கு எதிரே வரும் நாய்க்கும், சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மகள் அனுப்பிய பாடி பெல்ட்டுக்கு வருவோம். அதைப் போட்டால் நாய் இழுக்கும் என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. முதுகின் மேல் கொக்கி மாட்டும் வளையம் இருந்தால், இழுவை முழுவதும் மார்பின் மீது பரவிவிடுகிறது. நாய்க்கு எந்த அசௌகரியமும் இல்லை. நுகத்தடியில் தோள்கொடுத்த மாடுபோலச் சுகமாக இழுத்துக்கொண்டு போகும். பனி நாடுகளில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு இப்படிப்பட்ட பட்டைகளைத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் மார்பின் நடுவில், முன்பக்கம் ஒரு வளையம் உள்ள பாடி பெல்ட் வேறுவிதமாக வேலை செய்கிறது. கயிற்றை அங்கே மாட்டினால், நாய் முன்னே பாயும்போது அதன் மார்பு பக்கவாட்டில் உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஓட வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எந்த நாயாலும் வேகமெடுக்க முடியாது. வலி இல்லாமலே வேகம் குறைகிறது. மகள் அனுப்பியதில் முன்வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

முன்வளையம் இருந்தாலும் சிப்பிப்பாறைக்கு அது பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி. இந்த இனத்துக்கு மார்பு ஆழமானது, இடுப்போ ஒட்டி உள்வாங்கியது. கடைகளில் இனம் பார்த்தோ எடை பார்த்தோ தரும் எஸ், எம், எல் அளவுகள் லேப்ரடார், ஸ்பிட்ஸ் போன்ற நாய்களை மனத்தில் வைத்துத் தயாரித்தவை. கழுத்துக்குப் பொருந்தினால் மார்புக்குப் பத்தாது. மார்புக்குப் பொருந்தினால் கழுத்தில் தொங்கும். வாங்குமுன் முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் மிக அகன்ற சுற்றளவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பாடி பெல்ட்டில் கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை என இரண்டே சுற்றுகள் இருக்கும். நாய் பின்வாங்கி முன்கால்களை மடக்கினால் இரண்டும் ஒன்றாகத் தலைவழியே கழன்றுவிடும். கழுத்து பெல்ட்டில் நடந்தது அப்படியே இதிலும் நடக்கும். உங்களுக்குத் தேவை மூன்று பட்டைகள் உள்ள பாடி பெல்ட். மூன்றாவது பட்டை கடைசி விலாவுக்குப் பின்னால், வயிறு ஒட்டிய இடத்தில் வரும். ஒடுங்கிய இடுப்பில் கட்டிய பட்டை அகன்ற மார்பைத் தாண்டி முன்னோக்கி வர முடியாது. விலை சற்றுக் கூடுதல்தான், எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆனால் ஒடுங்கிய இடுப்பு நாய்களுக்கு வேறெதையும் வாங்குவதை நான் வீண்செலவு என்றே கருதுகிறேன்.

மாட்டிய பிறகு நாயை நடக்கவிட்டுப் பாருங்கள். மார்புப் பட்டை முழங்கையை உரசக் கூடாது. முழங்கைக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளியிருக்க வேண்டும். முன்பட்டை தோள்மூட்டின் மீது குறுக்காக விழாமல், மார்பெலும்பிலிருந்து இரண்டு தோள்களுக்கும் நடுவே மேலேறிப் பிரிவதாக இருந்தால் நடை தடைபடாது. நைலான் விளிம்பு கூராக இருந்தால் அக்குளில் முதல் வாரத்திலேயே சிவக்கும். உட்புறம் மெத்தையிட்டதாக, விளிம்பு மடித்துத் தைத்ததாகப் பாருங்கள்.

ஆக, வெளியே போகும்போது செவலையின் கழுத்தில் மார்ட்டிங்கேல், உடலில் முன்வளையம் வைத்த மூன்று பட்டை பாடி பெல்ட் என இரண்டும் இருக்கட்டும். இரண்டு முனைகளிலும் கொக்கி உள்ள கயிறு கிடைக்கிறது; ஒரு கொக்கியை மார்பின் முன்வளையத்திலும் மற்றொன்றை மார்ட்டிங்கேலிலும் மாட்டி, மார்பின் பக்கம் உள்ள கயிறு எப்போதும் சற்று முந்தி இறுகும்படி பிடியுங்கள். அப்போது அன்றாட இழுவை மார்புக்குப் போகும். பாடி பெல்ட்டில் ஏதேனும் பக்கிள் விட்டுப்போனால் மட்டுமே கழுத்துப் பக்கம் வேலைக்கு வரும். அந்தக் கயிறு கிடைக்காவிட்டால் பாடி பெல்ட்டையும் மார்ட்டிங்கேலையும் இணைக்கும் ஒரு சாண் நீளமுள்ள குட்டிப் பட்டை போதும்.

கயிற்றின் நீளம் ஐந்து முதல் ஆறு அடி. அதற்கு மேல் வேண்டாம். முன்பு சொன்ன கணக்கில் நாயின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். நீளமான கயிறு நாய்க்கு வேகமெடுக்க இடம் கொடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் நீளும், சுருளும் பெட்டிக் கயிறுகள் கொல்லத்துக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், அதுவும் லாரிகள் வரிசைகட்டும் எஸ் வளைவுப் பக்கம், கையில் இருக்கவே கூடாத பொருள். அந்த மெல்லிய நாடா விரலில் சுற்றிக்கொண்டால் சதையைக் கிழிக்கும். கயிற்றின் கைப்பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். கட்டை விரலைக் கைப்பிடிக்குள் நுழைத்து, மீதியை உள்ளங்கையில் மடித்து முஷ்டியாகப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. கொக்கி சுழலக்கூடியதாக, துருப்பிடிக்காத எஃகாலோ பித்தளையாலோ ஆனதாக இருக்கட்டும். முலாம் பூசிய மலிவான வார்ப்புக் கொக்கிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடையும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு குறிப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விடாமல் விழும் பகுதியில் தோல் பெல்ட் பூஞ்சை பிடித்துத் தடித்துப்போகும். நைலான் பெல்ட்டோ ஈரத்தை வைத்துக்கொண்டு கழுத்தில் புண் உண்டாக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, நாயின் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, பட்டைகளை நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வயல் வரப்பிலும் குண்டாறு அணைப் பக்கமும் போய்வந்தால் பெல்ட்டுக்கு அடியில் உண்ணி பதுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிகளுக்கு மிகப் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. அப்போதே தையல்களையும் பக்கிளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

மூக்கின் மேல் பட்டை வரும் தலைவார் ஒன்றும் கடையில் காட்டுவார்கள். நிதானமாக இழுத்துக்கொண்டு நடக்கும் கனமான நாய்களுக்கு அது உதவும். திடீரெனப் பாயும் நாய்க்கு வேண்டாம். முழு வேகத்தில் கயிற்றின் முனையை எட்டும்போது தலை ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிக் கழுத்து பிசகும்.

வாய்க்கூடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செவலை யாரையும் கடித்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் நடைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அடுத்தவர் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. தெருநாய்க்கடியும் வெறிநோய்ச் சாவும் அடிக்கடி செய்தியாகும் கேரளத்தில், கயிற்றில் கட்டிய நாயைக் கண்டாலும் மக்கள் ஒதுங்குவது இயல்பே. கூட்டமுள்ள இடத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் கூடை வடிவ வாய்க்கூட்டை வாங்குங்கள். அதனுள் நாய் வாயை முழுவதும் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கவும், தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி மருத்துவமனையில் ஓரிரு நிமிட ஊசிக்கு மட்டும் உரியது. அதைப் போட்டு வெயிலில் நடத்தினால், பெரும்பாலும் இளைப்பின் வழியாக உடல் சூட்டை வெளியேற்றும் நாய் சூட்டுத்தாக்கத்தால் சரிந்துவிடும். சிப்பிப்பாறையின் நீண்ட ஒடுங்கிய முகத்துக்குச் சாதாரண அளவுக் கூடை பொருந்தாது என்பதால், நாயைக் கடைக்குக் கூட்டிப்போய் மாட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது.

ஆரியங்காவுக்குப் போகும்போது இரண்டு காகிதங்கள் காரில் இருக்கட்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று முதலாவது. ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்து எல்லைக்குள் நாய் வளர்ப்போர் உரிமம் பெற வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நீங்கள் வந்துபோகிறவர்கள் என்றாலும், உங்கள் அம்மாவின் வீட்டில் நாயை நீண்ட நாள் விட்டுவைப்பதாக இருந்தால் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது காகிதம், உங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் நாயைப் பதிவு செய்திருந்தால் அந்தச் சீட்டு. எந்த மாநிலமாக இருந்தாலும், தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அங்கே சாலையை விட்டு இறங்கினால் காடு என்பதையும் மறக்க வேண்டாம். செவலை துரத்திக் கொல்வது ஒரு மயிலாக இருந்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவைக்காக வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே காட்டோரத்தில் ‘கொஞ்ச நேரம் ஓடட்டும்’ என்று அவிழ்த்துவிடுவது கூடவே கூடாது.

நழுவிவிடும் என்ற பயத்தில் நாயைப் பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடும் யோசனையும் வீட்டில் எழக்கூடும். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஓடப் பிறந்த நாயைக் கட்டியே வைத்தால் அவிழ்க்கும்போது அதன் பாய்ச்சல் இரட்டிப்பாகும். நாற்புறமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவருள்ள இடம், தெரிந்தவர் தோப்பாக இருந்தாலும் சரி, கிடைத்தால் வாரத்தில் சில நாள் அங்கே ஓடவிடுங்கள். ஓடிக் களைத்த நாய் சாலையில் பாதி இழுவையைத்தான் காட்டும்.

இழுப்பைக் குறைக்கும் பயிற்சி எளிது, பொறுமைதான் வேண்டும். கயிறு இறுகியதும் நீங்கள் நின்றுவிடுங்கள். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் உங்கள் தொடையை ஒட்டிக் கையை வைத்து ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்து நடையைத் தொடருங்கள். இதை முதலில் முற்றத்தில், பிறகு விடியற்காலைத் தெருவில், அதன் பிறகே ஆடுகள் தொலைவில் தெரியும் வயற்பாதையில் செய்ய வேண்டும். ஆட்டைக் கண்டும் கோழித்துண்டை வாங்கிக்கொள்கிற தூரம் எதுவோ அதுதான் இன்றைய எல்லை. வாயைத் திறக்காமல் ஆட்டையே வெறித்துப் பார்த்தால் மிக நெருங்கிவிட்டீர்கள், திரும்பி நடங்கள். துரத்தும் வேகம் அதன் இரத்தத்தில் உள்ளது. பயிற்சி அதைத் தணிக்கும், முற்றிலும் அழிக்காது. ஆகவே எவ்வளவு பழகிய பிறகும் சாலையோரத்தில் கயிறில்லாமல் நடத்த வேண்டாம். உங்கள் பக்கத்தில் ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை, கூப்பிட்டால் வரும் என்று நம்பி அவிழ்க்க முடியாது.

உங்கள் மாமியாரைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன 50 கிலோ விசையை 68 வயதில் ஒருவர் தாங்கக் கூடாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் விளைவு உங்களுக்கே தெரியும். புதிய பெல்ட்கள் வந்து, செவலை தெருவில் தளர்ந்த கயிற்றோடு நடக்கப் பழகும் வரை அவர் அதை நெடுஞ்சாலைப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். பகலில் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்துவிட்டால் போதும். நீண்ட நடை காலையிலும் மாலையிலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

புதிய பெல்ட்கள் வந்ததும் உடனே தெருவுக்குப் போகாதீர்கள். முதல் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டிக் கழற்றிப் பழக்குங்கள். பிறகு வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டு, முற்றத்தில் நாய்க்கு முன்னால் நின்று, கயிற்றைச் சீராக உங்கள் பக்கம் இழுத்து அது பின்வாங்கும்படி செய்து பாருங்கள். முதலில் மார்ட்டிங்கேலில் மட்டும், அடுத்து பாடி பெல்ட்டில் மட்டும் என்று தனித்தனியாகச் சோதியுங்கள். சுண்டி இழுக்க வேண்டாம், மெதுவான இழுவையே போதும். இரண்டில் ஏதேனும் ஒன்று காதுவரை ஏறினாலும் அளவைக் குறைத்து மீண்டும் பாருங்கள். குறைத்தும் ஏறினால் அந்த அளவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சிறிய அளவைக் கேளுங்கள்.